தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராத நான்கு வயதுக் குழந்தை என்னதான் கற்கிறாள்?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். மகளுக்கு நான்கு வயது மூன்று மாதம். விளையாட்டு வழியாகக் கற்பிக்கிறோம் என்று சொல்லும் மழலையர் பள்ளியில் சேர்த்து ஐந்து மாதம் ஆகிறது. ‘இன்னைக்கு என்ன படிச்ச?’ என்று கேட்டால் தினமும் ‘விளையாடினேன்’ என்கிறாள். மூன்று வாரமாகத் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்று டீச்சரும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் அதே வயதுப் பையன் எழுத்தெல்லாம் எழுதிக் காட்டுகிறான். விளையாடினாலே குழந்தை கற்றுக்கொள்ளும் என்பது உண்மையா, இல்லை பாடம் நடத்தாமல் இருக்கப் பள்ளிகள் சொல்லும் சாக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விளையாட்டில் கற்றல் நடக்குமா என்பது ஒன்று. உங்கள் மகள் போகும் இடத்தில் நடப்பது அந்த மாதிரி விளையாட்டுதானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது கேள்வி என்று நினைக்கிறேன். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

இருபத்திரண்டு வருடமாக மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளோடு வேலை செய்கிறேன். கடைசி ஏழு வருடமாகப் புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆய்வாளரும் இல்லை. உங்கள் மகளைப் பார்த்ததும் இல்லை. அதனால் வகுப்பறையில் என் கண்ணால் பார்த்ததையும், ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதையும், இன்னும் முடிவாகாமல் இருப்பதையும் தனித்தனியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு காட்சி. நான்கரை வயதுப் பையன் ஒருவன் இரண்டு கட்டைகளைத் தூணாக நிறுத்தி, மேலே ஒரு பலகையை வைத்துப் பாலம் கட்டப் பார்த்தான். தூண்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், பலகை எட்டவில்லை. ஒரு முனையை வைத்தால் மறு முனை விழுந்தது. அவன் செய்த முதல் வேலை, பலகையை இன்னும் மெதுவாக வைத்துப் பார்த்தது. விழுந்தது. அடுத்து பலகையைத் திருப்பிப் போட்டான். மறுபக்கம் நீளமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான்! அதுவும் விழுந்தது. மூன்றாவது முறை பலகையை எடுக்கவே இல்லை. இரண்டு கையையும் விரித்து தூணுக்குத் தூண் வைத்துப் பார்த்தான். கையை அப்படியே விரித்தபடி பலகைக்குக் கொண்டுவந்தான். நடுவில் கை கொஞ்சம் சுருங்கிவிட்டது, ஆனாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ‘குட்டையா இருக்கு’ என்றான், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு ஒரு தூணை உள்ளே தள்ளி வைத்தான். பாலம் நின்றது.

மொத்தம் ஆறு நிமிடம் இருக்கும். அந்த ஆறு நிமிடத்தில் அவன் அளந்தான். அளவு என்ற சொல் தெரியாமலேயே, ஒரு நீளத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். தன் ஊகம் தப்பு என்பதைக் கட்டை சொன்னது, டீச்சர் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் மழலையர் வகுப்பில் விளையாட்டின் பெரிய பலமே அதுதான். தப்பு செய்தால் யாரும் திட்டுவதில்லை, சிவப்பு மையில் வட்டம் போடுவதில்லை, பாலம் விழும், அவ்வளவுதான். அதனால் குழந்தை திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறது. அந்தக் கட்டைகளும் ஏனோதானோ என்று வெட்டியவை இல்லை. அமெரிக்க ஆசிரியை கேரலைன் பிராட் நூறு வருடங்களுக்கு முன் வடிவமைத்த அளவுமுறையைத்தான் இன்றும் நல்ல மழலையர் பள்ளிகள் பயன்படுத்துகின்றன. இரண்டு அரைக் கட்டை சேர்ந்தால் ஒரு முழுக் கட்டை, இரண்டு முழுக் கட்டை சேர்ந்தால் ஓர் இரட்டைக் கட்டை. நீளக் கட்டை தீர்ந்துபோன குழந்தை இரண்டு சின்னதை ஒட்டி வைத்துச் சமாளிக்கும்போது பின்னம் அதன் கைக்கு வந்துவிடுகிறது. ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரை 1840-ல் வைத்த ஜெர்மானியர் ஃப்ரோபெலும், குழந்தைகள் கையில் முதலில் கொடுத்தவற்றில் பகுதிகளாகப் பிரித்துச் சேர்க்கும் மரக் கனசதுரத்தைச் சேர்த்திருந்தார்.

இப்போது அந்தக் காட்சியில் நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு குழந்தை திணறியபோது, ‘இங்க பாரு கண்ணா, தூணைக் கிட்ட வைக்கணும்’ என்று நானே நகர்த்தி வைத்துவிட்டேன். பாலம் நின்றது. குழந்தை அதை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது, அன்று முழுக்கக் கட்டைப் பக்கம் வரவே இல்லை. நான் உதவி என்று நினைத்தது, அதன் வேலையைப் பிடுங்கிக்கொண்டதாக முடிந்தது. பின்னாளில் ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோது இந்த ஞாபகம்தான் வந்தது. எலிசபெத் போனாவிட்ஸ் குழுவினர் 2011-ல் வெளியிட்டது. ஒரே பொம்மையில் நான்கு வித்தை ஒளிந்திருக்கும். இழுத்தால் ஒன்று சத்தம் போடும், இன்னோர் இடத்தில் வேறொன்று நடக்கும். சில குழந்தைகளுக்குப் பெரியவர் ஒருவர் ‘இது இப்படித்தான் வேலை செய்யும், பார்’ என்று ஒரே ஒரு வித்தையை மட்டும் காட்டினார். மற்றவர்களுக்கு அப்படிப் பாடம் மாதிரிக் காட்டவில்லை. காட்டிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே செய்துகொண்டிருந்தார்கள், மீதியைத் தேடியது குறைவு. குழந்தைகள் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. தெரிந்தவர் ஒருவர் இவ்வளவுதான் காட்டினார் என்றால் இவ்வளவுதான் இருக்கும் என்று நினைப்பது நியாயம்தானே.

சரி, அப்படியானால் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதுமா? இல்லை. இங்கேதான் பல ‘விளையாட்டுப் பள்ளிகள்’ சறுக்குகின்றன. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முக்கோணம், செவ்வகம் போன்ற வடிவங்களைக் கற்றுத் தருவது பற்றிய ஓர் ஆய்வு 2013-ல் வந்தது. கெல்லி ஃபிஷர், கேத்தி ஹிர்ஷ்-பசெக் முதலியவர்கள் செய்தது. ஒரு பிரிவுக்குப் பெரியவரே எல்லாவற்றையும் விளக்கினார், குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பிரிவில் வடிவங்களைக் கையில் கொடுத்து இஷ்டம்போல் விளையாட விட்டார்கள். மூன்றாவது பிரிவில் விளையாட்டுத்தான், ஆனால் பெரியவரும் கூட இருந்தார். ‘இதெல்லாம் நிஜ முக்கோணம், இதுக்கெல்லாம் ஒரு ரகசியம் இருக்கு, கண்டுபிடிக்கலாமா?’ என்கிற மாதிரிக் கேட்டுக் குழந்தைகளையே பக்கத்தையும் முனையையும் கவனிக்க வைத்தார். கடைசியில் ஒல்லியாக, சாய்ந்து, தலைகீழாக இருக்கும் முக்கோணத்தையும் ‘இதுவும் முக்கோணம்தான்’ என்று நன்றாகக் கண்டுபிடித்தது இந்த மூன்றாவது பிரிவுதான். வெறுமனே விளையாட விட்ட பிரிவு வடிவங்களைப் பற்றி அதிகம் கற்கவில்லை. எங்கள் துறையில் இதை ‘வழிகாட்டப்பட்ட விளையாட்டு’ என்கிறோம். இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2022-ல் வந்தது. ஆரம்பக் கணிதம் போன்ற சில விஷயங்களில் இந்த முறை நேரடிப் பாடத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்று அது சொல்கிறது. எல்லா விஷயத்திலும் அப்படி என்று சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது பல ஆசிரியர்கள் ‘எல்லா விஷயத்திலும்’ என்று நீட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை.

சின்ன விஷயம்கூட எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளோடு ஒரு பலகை விளையாட்டு. நேர்கோட்டில் பத்துக் கட்டங்கள், 1 முதல் 10 வரை எண்கள். சுழலும் முள் ஒன்றையோ இரண்டையோ காட்டும், அத்தனை கட்டம் காயை நகர்த்த வேண்டும். பதினைந்து நிமிடம் வீதம் நான்கே தடவைதான் விளையாடினார்கள். எந்த எண் பெரியது, ஒரு கோட்டில் எந்த எண் எங்கே வரும் என்பதில் அந்தக் குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். அதே பலகையில் எண்களுக்குப் பதில் வண்ணங்கள் இருந்த விளையாட்டை ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு. காய் 5-ல் இருக்கிறது, முள் 2 காட்டுகிறது என்றால் குழந்தை ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். நம் வீடுகளில் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சொல்லித்தான் நகர்த்துவோம். பிறகு 100 வரை எண் போட்ட பலகையை வைத்துச் செய்த ஆய்வில், கட்டத்தின் எண்ணைச் சொன்னவர்கள்தான் அதிகம் கற்றார்கள் என்று தெரியவந்தது. அதே பலகை, அதே காய், அதே சந்தோஷம்தான். வாயில் வரும் எண் மட்டும் வேறு. விளையாடினாலே கற்றுக்கொள்ளும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: எதை வைத்து, எப்படி, யாரோடு விளையாடினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது பாவனை விளையாட்டு. டாக்டர், அம்மா அப்பா, பஸ் ஓட்டுநர் என்று குழந்தைகள் வேடம் போட்டு ஆடுவது. பெற்றோருக்கு இதுதான் மிகவும் வெட்டி வேலையாகத் தெரியும். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் குழந்தை டாக்டர், இன்னொரு பையன் நோயாளி. டாக்டர் ஒரு கட்டையைக் காதில் வைத்து ‘ஹலோ, நான் பிஸி’ என்றாள். பிறகு காகிதம் எடுத்து இடமிருந்து வலமாக வரிவரியாகக் கிறுக்கினாள். கிறுக்கலின் மேல் விரலை ஓட்டி ‘காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஓடக் கூடாது’ என்று ‘வாசித்தாள்’. நோயாளி எழுந்து ஓடப் பார்த்தான். ‘நீ ஆபரேஷன் பண்ணவன், எழுந்திருக்கக் கூடாது’ என்றாள். அவன் படுத்துக்கொண்டான். வேறு எந்த நேரத்திலும் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பையன் அவன். அன்று நான்கு நிமிடம் அசையாமல் படுத்திருந்தான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவனும் டாக்டர் ஆகணும் என்று சண்டை. ஊசி போடும் டாக்டர் ஒருவர், எழுதும் டாக்டர் ஒருவர் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள்.

இதில் என்ன நடந்தது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930-களிலேயே அழகாக விளக்கினார். கட்டை ஒன்று போனாக மாறுகிறது. அதாவது ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கிறது. காகிதத்தில் உள்ள கோடு ஒரு சொல்லைக் குறிக்கும் என்பதும் அதே மன வேலைதான். கிறுக்கலை ‘வாசித்த’ குழந்தைக்கு எழுத்து என்றால் என்ன என்பதில் பாதி தெரிந்துவிட்டது. எந்தக் கோடு எந்த ஒலி என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. நோயாளியின் கதையும் அப்படித்தான். ஓட ஆசை இருக்கிறது, ஆனால் ஏற்றுக்கொண்ட வேடத்துக்கு ஒரு விதி இருக்கிறது. பாவனை விளையாட்டில் குழந்தை தானே விரும்பி விதிக்குக் கட்டுப்படுகிறது என்றார் வைகாட்ஸ்கி.

என் அனுபவம் இதற்கு ஆமாம் போடுகிறது. ஆனால் இந்த இடத்தில் நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். ஏஞ்சலின் லில்லார்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2013-ல், பாவனை விளையாட்டு குழந்தையின் அறிவை, கற்பனையை, சுயக் கட்டுப்பாட்டை வளர்க்கிறது என்று சொன்ன ஆய்வுகளை எல்லாம் எடுத்துத் துருவிப் பார்த்தார்கள். அந்த விளையாட்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று பலமாக இல்லை என்று முடித்தார்கள். நன்றாகப் பேசும் குழந்தைதான் நன்றாகப் பாவனை செய்கிறதோ, அல்லது கூட இருந்த பெரியவரின் பேச்சு இரண்டையும் வளர்த்ததோ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மொழியைப் பொறுத்தவரை, கதை சொல்வதைப் பொறுத்தவரை தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. மற்றவற்றில் விவாதம் நடக்கிறது. ஆகவே டாக்டர் விளையாட்டு விளையாடினால் மூளை இத்தனை சதவீதம் வளரும் என்று யாராவது பள்ளி விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். நான் என் வகுப்பில் அந்த விளையாட்டுக்குத் தினமும் இடம் கொடுக்கிறேன். அந்த நேரத்தில்தான் குழந்தைகளின் வாக்கியம் நீளமாகிறது, அவர்களுக்குள் பேரம் பேசி முடிவுக்கு வருகிறார்கள். வருங்காலப் பலனை விட்டுவிடுங்கள், அன்றைக்கே எனக்குக் கண்ணில் தெரிகிற விஷயம் அது.

மழலையர் கல்வியின் நீண்டகாலப் பலன் பற்றியும் இதே கவனத்தோடுதான் பேச வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் தொடங்கிய பெரி மழலையர் பள்ளி ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். குழந்தைகள் தாங்களே திட்டமிட்டு, விளையாடி, பிறகு என்ன செய்தோம் என்று பேசும் முறையை வளர்த்தெடுத்தது அந்தப் பள்ளி. அங்கே படித்தவர்கள் நாற்பது வயதில் வேலையிலும் வருமானத்திலும் மேலாக இருந்தார்கள், காவல் துறையிடம் சிக்கியதும் குறைவு. உண்மைதான். ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 123 பேர், எல்லாரும் மிக வறுமையான குடும்பத்துக் குழந்தைகள், நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், வாரம் ஒரு முறை வீட்டுக்கே வந்து பெற்றோரோடு பேசினார்கள். அதை எடுத்து எந்தப் பள்ளியின் பலகையிலும் ஒட்டிவிட முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. டென்னசி மாநிலத்தின் அரசு மழலையர் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் 2022-ல் வெளியிட்ட முடிவில், அதில் சேர்ந்த குழந்தைகள் ஆறாம் வகுப்பில் சேராத குழந்தைகளைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருந்தார்கள். மழலையர் பள்ளி என்ற பெயருக்கு மட்டும் பலன் கிடையாது. உள்ளே அன்றாடம் நடப்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் எழுத்தெல்லாம் எழுதுகிறான் என்றால் நல்ல விஷயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில குழந்தைகளுக்கு நான்கு வயதிலேயே எழுத்தின் மேல் தானாக ஆசை வரும், அதைத் தடுக்கவும் கூடாது. ஆனால் எழுத்தை வரைவது வேறு, எழுத்து எந்த ஒலியைக் குறிக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு, அதை வைத்து ஒரு சொல்லைப் படிப்பது வேறு. முதலாவதை மட்டும் செய்யும் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், வரிசை மாற்றிக் கேட்டால் முழிக்கும். இதற்கு நேர் எதிரான உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், என் துறையில் சிலருக்கு இது பிடிக்காது: எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு விளையாடிக்கொண்டிருந்தால் தானாக வந்துவிடாது. பேச்சு தானாக வரும், வாசிப்பு அப்படி வராது. அதை யாராவது ஒருவர், முறையாக, வரிசையாகச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். நான்கு வயதில் விளையாட்டு செய்வது அதற்கான நிலத்தைப் பண்படுத்துவது. பாட்டில் ஒரே மாதிரி முடியும் சொற்களைப் பிடிப்பது, சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது, தன் பெயரின் முதல் எழுத்தைப் பையில் பார்த்து ‘இது என்னோடது’ என்று சொல்வது, களிமண்ணைப் பிசைந்து விரலுக்கு வலு ஏற்றுவது, கதை கேட்டுப் புதுச் சொற்களைச் சேர்ப்பது. இவை இருந்தால் பிறகு எழுத்து சொல்லித் தரும்போது அது ஒட்டும். இவையும் நடக்கவில்லை, எழுத்தும் இல்லை என்றால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

ஆகவே பள்ளியை எப்படிப் பார்ப்பது? சுவரில் தொங்கும் படங்களை விடுங்கள், டீச்சர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். குழந்தைகளின் உயரத்துக்குக் குனிந்தோ தரையிலோ இருக்கிறாரா, இல்லை மூலையில் நின்று ‘சண்டை போடாதே, தள்ளாதே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? அவர் கேட்கும் கேள்விகளைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘இது என்ன கலர்?’ என்பது பதில் தெரிந்தே கேட்கும் கேள்வி. ‘இது ஏன் கீழே விழுது?’, ‘வேற எப்படிப் பண்ணலாம்?’ என்று கேட்டுவிட்டு, குழந்தை யோசிக்கும் வரை காத்திருக்கிறாரா என்பதுதான் முக்கியம். அந்தக் காத்திருப்பு சில சமயம் பத்து விநாடி, பெரியவர்களுக்கு அது யுகம் மாதிரி இருக்கும். விளையாட்டு நேரம் துண்டு துண்டாக இல்லாமல் முக்கால் மணி நேரமாவது தொடர்ந்து கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை மணி அடித்தால் பாலம் கட்டவே முடியாது. விளையாட்டு என்ற பெயரில் கார்ட்டூன் போட்ட ஒர்க்‌ஷீட்டை நிரப்பச் சொன்னால், அது ஒர்க்‌ஷீட்தான். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு உட்கார வைத்தால் அதுவும் விளையாட்டில் சேராது.

எல்லாவற்றையும்விட, டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த வாரம் என் பொண்ணு எதுல திணறினா?’ கவனித்துப் பார்க்கும் ஆசிரியரிடம் இதற்கு உடனே ஒரு சம்பவம் இருக்கும். ‘எல்லாம் நல்லா பண்றா, ஹேப்பியா இருக்கா’ என்பது மட்டும்தான் பதில் என்றால், இன்னொரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போதும் அதே பதில் வந்தால் யோசிக்க வேண்டியதுதான். இதை ஒட்டி ஒரு விஷயம்: ‘உங்க குழந்தை யாரோடும் சேராம சும்மா வேடிக்கை பார்த்துட்டு நிக்குது’ என்று சொன்னால் பதறாதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் மழலையர் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோதே, வேடிக்கை பார்ப்பதைத் தனி வகையாக எழுதி வைத்தார். பார்த்துவிட்டு, மறுநாள் அதையே செய்யும் குழந்தைகள் எத்தனையோ பேர். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே இருந்தால், அல்லது நான்கு வயதாகியும் வெளியாட்களுக்குப் பேச்சு புரியவில்லை, பாவனை விளையாட்டே இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் பள்ளியை மாற்றுவதற்கு முன் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குவார்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கேள்வியில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக, தண்ணீர்த் தொட்டி. மூன்று வாரம் ஒரே இடம் என்றால் எனக்குக் கவலை வராது, ஆவல்தான் வரும். பிடித்த ஒன்றைக் குழந்தைகள் சலிக்கும் வரை செய்வார்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாற்றிச் செய்வார்கள். முதல் நாள் ஊற்றுவது மட்டும். அப்புறம் சிந்தாமல் ஊற்றுவது. அப்புறம் உயரமான ஒல்லிக் குவளையையும் குட்டையான அகலக் குவளையையும் வைத்துக்கொண்டு ‘இதுலதான் நிறைய இருக்கு’ என்பது. அகலக் குவளையிலிருந்து ஒல்லிக் குவளைக்குத் தண்ணீர் மாறியதும் அளவும் கூடிவிட்டது என்று இந்த வயதுக் குழந்தைகள் உறுதியாகச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் பியாஜே இதைத்தான் காட்டினார். பெரும்பாலும் ஆறு, ஏழு வயது வாக்கில்தான் ‘இல்லை, ரெண்டும் ஒண்ணுதான்’ என்று வரும். அதுவரை நீங்கள் விளக்கிச் சொன்னாலும் தலையாட்டுவாள், நம்ப மாட்டாள். திருத்த வேண்டியதில்லை.

நாளை அழைத்துவரப் போகும்போது, பள்ளி அனுமதித்தால், கால் மணி நேரம் முன்னதாகப் போய் அந்தத் தொட்டி பக்கத்தில் சத்தம் போடாமல் நில்லுங்கள். அவள் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரே குவளையில் ஒரே மாதிரி ஊற்றிக்கொண்டே இருக்கிறாளா, இல்லை புனலை மாற்றுகிறாளா, ஓட்டையை விரலால் அடைக்கிறாளா, பக்கத்துக் குழந்தையிடம் ‘நீ பிடி, நான் ஊத்தறேன்’ என்கிறாளா? தொட்டியில் மூன்று வாரமாக அதே மூன்று குவளைகள்தான் இருக்கின்றனவா, இல்லை டீச்சர் புதிதாக ஒரு குழாயையோ சல்லடையையோ போட்டிருக்கிறாரா? அவளுடைய விளையாட்டு மாறிக்கொண்டே இருந்தால், அதைப் பார்த்துத் தொட்டியில் போடும் பொருளை டீச்சரும் மாற்றிக்கொண்டே இருந்தால், அவளை அங்கேயே விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ‘என்ன படிச்ச?’ என்று கேட்காமல், ‘அந்த ஓட்டைக் குவளையில தண்ணி எப்படி நின்னுது?’ என்று கேட்டுப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.